டார்லிங்டனில் அத்தை வீடு

சங்கத்து அன்பர்கள் சிலர், "இங்கிலாந்து சென்று வந்தீர்களே, அங்குக் கண்டவற்றை நம் இதழில் எழுதலாகாதா?" என்று பன்முறை கேட்டுவிட்டனர். பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிப் பழகிய கைக்குக் கட்டுரை எழுதும் துணிவு எளிதில் வருவதில்லை. பத்தாம் வகுப்போடு எங்கள் படிப்பும் நின்றுவிட்டது. மேலும், நாங்கள் நாடு பார்க்கப் போனவர்கள் அல்லர். அத்தையையும் மாமாவையும் பார்க்கப் போனோம். வழியில் நாடும் கண்ணிற் பட்டது, அவ்வளவே. ஆயினும் அங்கு நாங்கள் அறிந்துகொண்ட ஒன்று, ஊரை விட்டு வந்து மும்பையில் குடித்தனம் நடத்தும் நம்மவர் எல்லார்க்கும் பயன்படும் என்று தோன்றியதால் இதனை எழுதுகின்றோம்.

எங்கள் அத்தை, தந்தையாரின் மூத்த சகோதரி. திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரைச் சிற்றூரில் பிறந்து, சென்னையில் செவிலியர் பயிற்சி பெற்று, 1970ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றவர். 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற அந்நாட்டுத் தேசிய மருத்துவப் பணிக்கு அக்காலத்தில் செவிலியர் போதவில்லை. நம் நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பெண்கள் பலர் அழைத்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அத்தை. மாமா திருச்சிக்கு அடுத்த பொன்மலை ரயில்வே தொழிற்கூடத்தில் ஃபிட்டர். ஓராண்டு கழித்து அவரும் வேலையை விட்டுவிட்டு மனைவி பின்னே சென்றார். "மனைவி சம்பாதிக்க, கணவன் பின்னால் போகிறான்" என்று ஊரார் பேசினராம். அந்தப் பேச்சை மாமா ஒருநாளும் பொருட்படுத்தவில்லை என்று தந்தையார் பெருமையோடு சொல்வார்.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே எங்கள் மீது அளவற்ற பாசம். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அத்தையின் பணத்திலேயே நடந்தன. எங்களைப் பொறியாளர் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தையார் நோயுற்றுக் கிடந்த ஆண்டில் நாங்கள் படிப்பை நிறுத்தினோம். அதைப் பற்றி அத்தை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல்லே எங்கள் நெஞ்சில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

புறப்பாடு

2014இல் எங்கள் திருமணத்துக்கு வந்து சென்றதற்குப் பின் அத்தையும் மாமாவும் இந்தியாவுக்கு வரவில்லை. வாரந்தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதுண்டு. மாமா திரையில் தோன்றி, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுப் புன்னகை செய்வார். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அத்தை இரண்டு விமானச் சீட்டுக்குப் பணம் அனுப்பி, "எனக்கு எண்பத்தொன்று ஆகிறது. ஒருமுறை வந்து போங்கள்" என்று கேட்டுக்கொண்டார். வெளிநாடு செல்ல ரயில்வே ஊழியர்க்குத் துறையின் முன்அனுமதி வேண்டும். அதைப் பெற்று, விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை பதித்து, அத்தையின் அழைப்புக் கடிதம், எங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் காட்டி, 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டோம்.

திருநெல்வேலி அல்வா கொண்டுபோக ஆசை. ஆனால் பாலும் பால்பொருள்களும் கொண்டுவர அந்நாட்டில் தடை உண்டு என்று கேள்விப்பட்டு, நெய் மிதக்கும் அல்வாவை விட்டுவிட்டுக் கருப்பட்டி இரண்டு கிலோ கட்டிக்கொண்டோம்.

தந்தையார் தந்தனுப்பியது வேறொன்று, ஒரு செய்தி. "அக்காவையும் அத்தானையும் கையோடு கூட்டி வாருங்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. நானும் மும்பையை விட்டு வந்துவிடுகிறேன். கடைசிக் காலத்தில் மூவரும் ஆற்றங்கரையில் ஒன்றாய் இருப்போம்." இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு ஸ்டென்ட் வைத்ததை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடாதே" என்றார். 2024இல் அவர் இருதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தனர். அத்தை அதனை அறியார்.

இரண்டு நிலையங்கள்

மும்பையிலிருந்து இலண்டன் ஏறத்தாழப் பத்து மணி நேரப் பயணம். ஹீத்ரோ விமான நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால், வண்டி மாறாமலே கிங்ஸ் கிராஸ் சென்று சேரலாம். அங்கு மண்ணுக்கு மேலே வந்ததும் அருகருகே இரண்டு பெரிய ரயில் நிலையங்கள். 1852இல் திறக்கப்பெற்ற கிங்ஸ் கிராஸ் ஒன்று. 1868இல் திறக்கப்பெற்ற செயின்ட் பாங்க்ராஸ் மற்றொன்று. முன்னது எளிய செங்கற் கட்டடம். பின்னதைக் கண்டதும் இருவரும் நின்றுவிட்டோம். கூர்ங்கோபுரமும் வளைவுச் சாளரமும் செங்கல் வேலையுமாக, நம் விக்டோரியா டெர்மினசின் மூத்த சகோதரியைப் போல அது நின்றது. நம் நிலையம் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைக்க, 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழும்பியது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. இன்று சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என்று பெயர். நாள்தோறும் கூட்டத்தில் நெருக்குண்டு அதற்குள் நுழைகின்றோமேயன்றி, நிமிர்ந்து பார்த்ததுண்டா? அயலூர் சென்ற பின்பே நம் ஊர் நிலையத்தின் அழகு எங்களுக்குத் தெரிந்தது.

கிங்ஸ் கிராசில் வடக்கு நோக்கி வண்டி ஏறினோம். போர்ட்டர் இல்லை, பெட்டியை அவரவரே தூக்கிச் செல்கின்றனர். பெட்டிக்குள் பேச்சொலியும் இல்லை. எங்கள் துணைவியார், "யாராவது ஒருவர் புளியோதரைப் பொட்டலம் பிரித்தால் நன்றாயிருக்கும்" என்றார். டார்லிங்டன் ஏறத்தாழ 373 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. வழியெல்லாம் பசும்புல் வெளி, வேலி வேலியாய்ப் பிரித்த வயல், மேயும் ஆடுகள். எங்கும் மனிதர் கண்ணிற் படவில்லை.

"வாங்க மாப்பிள்ளை"

டார்லிங்டன் நிலையத்தில் அத்தை தனியே நின்றிருந்தார். கைப்பேசித் திரையில் கண்டதைவிட உருவம் சிறுத்திருந்தது. இடக் கை மணிக்கட்டில் பட்டை. "வாய்யா, வாம்மா" என்று இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். "மாமா வரவில்லையா?" என்றதற்கு, "வீட்டில் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

வரிசையாய் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள் கொண்ட தெரு. அத்தை வீட்டின் பின்புறத்தில் சிறு தோட்டம். அதில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கறிவேப்பிலைச் செடி, முழங்கால் உயரம். முன்னறையில் சாய்வு நாற்காலியில் மாமா. எங்களைக் கண்டதும் முகம் மலர எழுந்து கைகூப்பினார். "வாங்க மாப்பிள்ளை! எப்ப வந்தீங்க? உங்க அக்கா அடுக்களையில் இருக்கா" என்றார்.

எங்களை எப்போதும் 'மருமகனே' என்றழைப்பவர் மாமா. எங்கள் அக்கா என்று அவர் சொன்னது அத்தையை. எங்களைத் தந்தையார் என்றே எண்ணிவிட்டார். என்ன மறுமொழி சொல்வதென்று தெரியாமல் அத்தையைப் பார்த்தோம். அத்தை மெல்லத் தலையசைத்தார். "இப்பத்தான் வந்தேன் அத்தான்" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கும் வெளியே வெளிச்சம் இருந்தது. மாமா உறங்கிய பின் அத்தை எல்லாவற்றையும் சொன்னார். மறதி நோய் கண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் சாவி எங்கே என்பது மறந்தது; பிறகு கடைக்குப் போன வழி மறந்தது. இப்போது ஐம்பது ஆண்டுகளாகப் பேசிய ஆங்கிலமும் கழன்றுகொண்டிருக்கிறது. பின்னாளிற் கற்ற மொழி முன்னே போய்விட, தாய்மொழி மட்டும் தங்கிவிடுவது இந்நோயில் பலருக்கும் உண்டு என்று அத்தை விளக்கினார். அடுத்த வீட்டு ஆங்கில மூதாட்டி அன்போடு வந்து பேசுவார். மாமா தமிழில் விடை சொல்வார். அம்மையார் புரிந்தவர் போலத் தலையாட்டிவிட்டுப் போவார். காலையில் மாமாவைக் குளிப்பாட்டி உடை மாற்ற வரும் பணிப்பெண் கேரள நாட்டவர். அவர் மலையாளத்தில் பேச, மாமா தமிழில் பேச, இருவர்க்கும் குறைவின்றி நடக்கிறது.

"கைப்பேசியில் ஒன்றும் தெரியவில்லையே அத்தை?" என்றோம்.

"பேசுவதற்கு முன் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். 'எல்லாரும் சௌக்கியமா' என்று கேட்கச் சொல்வேன். அதற்கு மேல் போகாமல் வாங்கிவிடுவேன்" என்றார். குளிர்காலத்தில் வாயிற்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததையும் எவர்க்கும் சொல்லவில்லை. அந்தக் கையைத் திரைக்கு வெளியே வைத்தே ஆறு வாரம் பேசியிருக்கின்றார்! "தம்பி பயந்துவிடுவான், அவனிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

தந்தையார் தாழ்ந்த குரலில் சொன்ன அதே சொற்கள்! நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வரும்படி அழைத்தோம்

மறுநாள் தந்தையாரின் செய்தியை மெல்ல எடுத்துச் சொன்னோம். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு செவிலியர் நோயாளியின் உறவினர்க்கு விளக்குவது போல ஒவ்வொன்றாய்ச் சொன்னார். வெளிநாட்டில் முதியோர் உள்ள குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் ஆகையால் அவற்றை இங்குத் தருகின்றோம்.

அந்நாட்டு அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்தை இந்தியாவில் இருந்தும் பெறலாம். ஆனால் இந்தியாவிலேயே குடியேறிவிட்டால், அதன் பின் ஆண்டுதோறும் வரும் உயர்வு கிடையாது. அன்றைய தொகை என்னவோ அதுவே கடைசிவரை. அடுத்து, நோயாலோ உடற்குறையாலோ தம்மைப் பேணிக்கொள்ளப் பிறர் உதவி வேண்டியிருக்கும் முதியோர்க்கு அரசு தனியாக ஓர் உதவித்தொகை தருகிறது. நிரந்தரமாக இந்தியா வந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். மூன்றாவது, பணமின்றிக் கிடைக்கும் மருத்துவம். அது அந்நாட்டில் வாழ்வோர்க்கு உரியது. நாட்டை விட்டுப் போய்விட்டவர் பார்வையாளராய்த் திரும்பி வந்து அதனை உரிமையாய்க் கேட்க இயலாது.

"பணம் மட்டும் என்றால் வந்துவிடுவேன்யா" என்றார் அத்தை. "இந்த வீட்டில் குளியலறை எங்கே என்று சில நாள் அவருக்கு மறந்துவிடுகிறது. ஆனாலும் இருட்டில் கை தடவிக்கொண்டு தானே போய்விடுகிறார். கைக்கு நினைவிருக்கிறது. புது வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அதுவும் இருக்காது. இந்த நோய்க்காரர்களை இடம் மாற்றினால் குழப்பம் கூடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!"

"ஊர் வீடு அவருக்குப் புது வீடா அத்தை?" என்று எங்கள் துணைவியார் கேட்டார்.

"அவருக்கு நினைவிருக்கிற ஊர் இப்போது இல்லையம்மா. தம்பியின் ஊரும் இல்லை. பூட்டு மட்டும் இருக்கிறது."

அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

ஒருநாள் யார்க் நகர்

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டிலேயே அடைந்து கிடப்பதா?" என்று அத்தை ஒருநாள் எங்களை யார்க் நகருக்கு விரட்டினார். டார்லிங்டனிலிருந்து அரை மணிப் பயணம். அங்குள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1938 ஜூலை 3ஆம் நாள் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய 'மல்லார்ட்' என்னும் நீல நிற நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது. நீராவி எஞ்சின்களுள் அந்தச் சாதனையை இன்றுவரை எதுவும் முறியடிக்கவில்லை. ரயில்வே ஊழியருக்கு அது கோயில் போன்ற இடம். எனினும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க மனம் கொள்ளவில்லை. மாமாவுக்குச் சோறூட்டும் நேரம் வந்திருக்குமே என்ற எண்ணம் வந்துவிட்டது. முன்னதாகவே திரும்பிவிட்டோம்.

பாலத்தடியில்

டார்லிங்டன் சிற்றூர் போலத் தோன்றினும் ரயில்வே வரலாற்றில் தலையாய இடம் உடையது. 1825 செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதை இங்குத் திறக்கப்பெற்றது. பொதுமக்களுக்கான ரயில்வேயில் நீராவி எஞ்சின் வண்டி இழுத்துச் சென்றது அன்றுதான் முதன்முறை. ஜார்ஜ் ஸ்டீவன்சன் 'லோகோமோஷன்' என்னும் எஞ்சினைத் தாமே ஓட்டிவந்தார். நிலக்கரி வண்டிகளில் நூற்றுக்கணக்கானோர் ஏறிக்கொண்டனர். வேடிக்கை என்னவெனில், விழா முடிந்த பின் 1833 வரை பயணிகள் வண்டியைக் குதிரைகளே அந்தத் தண்டவாளத்தின் மேல் இழுத்தன. எஞ்சின் நிலக்கரிக்கு மட்டுமே! நாங்கள் சென்றது இருநூறாவது ஆண்டு.

பழைய வடக்குச் சாலை நிலையமும் அதனைச் சூழ்ந்த கட்டடங்களும் இப்போது 'ஹோப்டவுன்' என்னும் காட்சியகமாய், 2024 முதல் நடந்து வருகின்றன. அங்கு ரயில் பெட்டி செய்யும் பழைய தொழிற்கூடம் ஒன்று உண்டு. அது எழுந்த ஆண்டு 1853. நம் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி வண்டி 34 கிலோமீட்டர் ஓடியதும் அதே 1853ஆம் ஆண்டில், ஏப்ரல் 16ஆம் நாளில்.

அதற்கு அருகே ஸ்கெர்ன் ஆற்றின் மேல் ஒரு கற்பாலம். இக்னேஷியஸ் பொனோமி என்பவர் வடிவமைத்தது. 1825 முதல் இன்றுவரை இடையறாது ரயில் செல்லும் பாலம் இதுவே. உலகில் இதனினும் பழைய பாலம் அவ்வாறு பயன்பாட்டில் இல்லை என்பர். 1990இல் வெளிவந்த ஐந்து பவுன் நோட்டில் இதன் படமும் அச்சாகியிருந்தது.

ஒரு பிற்பகல் மாமாவை அங்கு அழைத்துச் சென்றோம். முதியோர்க்குப் பேருந்தில் கட்டணம் இல்லை. காலை ஒன்பதரைக்குப் பின் இங்கிலாந்து முழுதும் ஊர்ப் பேருந்துகளில் அவர்கள் இலவசமாய்ச் செல்லலாம். வழியெல்லாம் மாமா எதுவும் பேசவில்லை. பாலத்தருகே சென்றதும் தடியை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு வண்டி கடந்தது. கல் அதிர்ந்தது போலும். அவர் முகத்தில் ஏதோ விளக்கேற்றினாற்போல் ஆயிற்று.

"மாப்பிள்ளை, இது மீட்டர் லைனா, பிராட் லைனா?" என்றார்.

"இரண்டும் இல்லை அத்தான். மீட்டர் லைன் ஆயிரம் மில்லிமீட்டர். நம் பிராட் லைன் 1,676. இது நடுவிலே, 1,435" என்றோம்.

"அப்படியா! நடுவிலேயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நம்ம வண்டி எதுவும் இதிலே ஓடாது." பிறகு காதைத் தீட்டிக்கொண்டு, "சங்கு ஊதியாச்சா? நேரமாகிறது" என்றார். பொன்மலைத் தொழிற்கூடத்தில் வேலை தொடங்கவும் முடியவும் ஊதும் சங்கு அது. 1971க்கும் 2025க்கும் இடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள். அந்தச் சங்கு மட்டும் மறக்கவில்லை.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று வரையில் அவர் கண்ணீரை நாங்கள் கண்டதில்லை.

கணக்கில் எழுத வேண்டியது

அன்றிரவு எங்கள் இருவர்க்கும் உறக்கம் வரவில்லை. அந்த மூன்று அளவுகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் நிலையங்களில், முன்னாளில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றுவார்கள். பத்து மூட்டை வந்து ஒன்பதுதான் ஏறினால், அந்தக் குறையை எழுத்தர் கணக்கில் எழுதியே தீர வேண்டும். யார் மனம் வருந்தினாலும் சரி. மறைத்தால் அடுத்த நிலையத்தில் அது பெரிய வழக்காகிவிடும். இதைத் தந்தையாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க, இரண்டு வீட்டுக் குறையையும் எழுதாமல், இரு பக்கமும் 'சௌக்கியம்' என்றே சொல்லிக்கொண்டு திரும்புவதா?

பொழுது விடிந்ததும் அத்தையிடம் தந்தையாரின் ஸ்டென்ட் செய்தியைச் சொல்லிவிட்டோம். சினப்பார் என்று அஞ்சினோம். ஒரு கணம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுகணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். எந்தக் குழாய்? என்ன மாத்திரை? இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்தினானா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? எங்களால் பாதிக்கும் விடை சொல்ல இயலவில்லை. அத்தனை கேள்விகளையும் வரிசையிட்டுத் தமிழில் எழுதி, "இதை டாக்டரிடம் காட்டிக் கேள்; கேட்டு எனக்குச் சொல். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதானே! இதையும் என்னிடம் மறைத்தால் நான் எதற்கு அக்கா?" என்றார்.

பிறகு எங்களைப் பார்த்து, "அன்று படிப்பை நிறுத்தினாயே, அப்போதும் தம்பியின் நோயை எனக்குச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் ஒரு வழி செய்திருப்பேன்" என்றார். இருபது ஆண்டுகளாய் எங்களை உறுத்திய முள் எது என்று அப்போது விளங்கிற்று. நாங்கள் படிக்காதது அவர்க்குக் குறையன்று, சொல்லாததே குறை.

"அப்படியானால் மாமாவைப் பற்றி அப்பாவிடம் நாங்கள் சொல்லலாமா?" என்று கேட்டோம். சற்று யோசித்து, "சொல். நேரில் உட்கார்ந்து சொல். போனில் சொல்லாதே" என்றார்.

மூன்று வாரம் முடிந்து புறப்பட்ட நாளில், எஞ்சிய கருப்பட்டியில் ஒரு துண்டை மாமா வாயில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். "அக்காவைப் பார்க்க அடிக்கடி வாங்க மாப்பிள்ளை" என்றார். வருகிறோம் என்றோம். மறுபடி வருவோமா, வந்தால் இருவரையும் காண்போமா என்பது எவர்க்குத் தெரியும்? தெருமுனை திரும்பும்வரை இரண்டு கைகள் அசைந்துகொண்டிருந்தன. ஒன்றில் பட்டை கட்டியிருந்தது.

தந்தையாரின் மறுமொழி

மும்பை திரும்பி, தந்தையாரைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து எல்லாவற்றையும் சொன்னோம். அத்தை தந்த தாளையும் கொடுத்தோம். தாளில் அக்காவின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் சரியாய் உண்ணவில்லை. சொன்னது தவறோ என்றுகூட அஞ்சினோம். மூன்றாம் நாள் காலையில் கேட்டார்: "அத்தான் எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார்?"

"நண்பகல் உணவு வேளையில்" என்றோம்.

கோடையில் அந்நாட்டுக் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னே ஓடும்; குளிர்காலத்தில் ஐந்தரை மணி. கணக்குப் பார்த்து, அன்று முதல் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குத் தந்தையாரே அழைக்கின்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் மாட்டுங்கா தொழிற்கூடத்தில் வேலை செய்தவர் அவர். "அத்தான், சங்கு ஊதியாச்சா?" என்பார். "இன்னும் இல்லை மாப்பிள்ளை, நேரம் இருக்கு" என்று அங்கிருந்து குரல் வரும். பிறகு அச்சு, சக்கரம், பிரேக் கட்டை என்று பத்து நிமிடம் பேச்சு நடக்கும். அந்தப் பத்து நிமிடமும் அத்தை நாற்காலியில் சாய்ந்து ஓய்வு கொள்கிறார். 'வந்துவிடு அக்கா' என்ற பேச்சை அதன்பின் தந்தையார் எடுக்கவே இல்லை.

அண்மையில் ஒருநாள், எழுபத்து நான்கு வயதில் வாழ்நாளில் முதன்முறையாக, "பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன தாள் வேண்டும்?" என்று எங்களைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். செய்தி கேட்ட அத்தை மகிழ்ந்தார். ஆனால் செவிலியர் அல்லவா? "முதலில் டாக்டர் சம்மதிக்கட்டும்" என்று உத்தரவிட்டுவிட்டார். அடுத்த மாதம் பரிசோதனை. அதற்காகத் தந்தையார் காலையில் பூங்காவைச் சுற்றி ஒழுங்காய் நடக்கத் தொடங்கியிருக்கின்றார்.

சங்கத்து அன்பர்களே! நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. "எப்போது திரும்பி வருவாய்?" என்று ஊரிலிருந்து கேட்கும் குரல் நம் காதிலும் ஒலிக்கின்றது. "சௌக்கியம்" என்றே நாமும் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கின்றோம். நம் வீட்டு முதியோர் எந்த ஊரில் இருந்தாலும், இயன்றால் ஒருமுறை நேரிற் சென்று அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து வாருங்கள். திரையில் தெரியாதது அங்கே தெரியும். தெரிந்ததை இரு பக்கமும் மறைக்காது சொல்லுங்கள். அழைத்து வருவது நம் கையில் இல்லாமற் போகலாம். உள்ளதை உள்ளவாறு கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கையில் உள்ளது.